அறிவியல் மேடையில் கடவுள்: வாசகர் கேள்வி–பதில்

அறிவியலையும் கடவுளையும் சேர்த்துப் பேசும் சொற்பொழிவுக் காணொளிகள் வாட்ஸ்அப்பில் நிறையவே சுற்றுகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் எட்டை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

'கிஃபோர்டு சொற்பொழிவு' என்று அடிக்கடி காதில் விழுகிறது. அது என்ன? கடவுள் இருக்கிறார் என்று நிரூபிப்பதற்காகவே தொடங்கியதா?
— வாசகர், திண்டுக்கல்

ஆடம் கிஃபோர்டு ஸ்காட்லாந்தின் உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். 1887 ஜனவரியில் இறந்தார். அதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு முன்பு, 1885 ஆகஸ்டில், எழுதி வைத்த உயிலில் 80,000 பவுண்டை நான்கு பல்கலைக்கழகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். எடின்பரோவுக்கு 25,000, கிளாஸ்கோவுக்கும் அபர்டீனுக்கும் தலா 20,000, செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு 15,000. அந்தப் பணத்தின் வருமானத்தில் 1888 முதல் நடந்துவருபவைதான் இந்தச் சொற்பொழிவுகள்.

பொருள், 'இயற்கை இறையியல்'. வேதத்தையோ அற்புதங்களையோ சான்றாக இழுக்காமல், இயற்கையைப் பார்த்தும் அறிவைக் கொண்டும் கடவுளைப் பற்றி எவ்வளவு தூரம் பேச முடியும் என்று ஆராய்வது. வானியலையும் வேதியியலையும் எப்படி நடத்துவோமோ அப்படியே இதையும் நடத்த வேண்டும் என்று உயில் சொல்கிறது.

கிஃபோர்டு ஆழ்ந்த கடவுள் நம்பிக்கை உள்ளவர். ஆனால் தன் நம்பிக்கையைப் பேச்சாளர் மீது திணிக்கவில்லை. பேச வருபவர் எந்த மதத்தவராகவும் இருக்கலாம். மதமே இல்லாதவராகவும், ஐயவாதியாகவும், சுதந்திரச் சிந்தனையாளராகவும் இருக்கலாம். அவரிடம் எந்த உறுதிமொழியும் வாங்கக் கூடாது, எந்தச் சோதனையும் வைக்கக் கூடாது. சிந்திக்கத் தெரிந்தவராக, உண்மையை மனப்பூர்வமாகத் தேடுபவராக இருந்தால் போதும். உரைகள் மாணவர்களுக்கு மட்டுமல்லாமல் ஊருக்கே திறந்திருக்க வேண்டும். நியமனம் இரண்டு ஆண்டுகளுக்கு. மறுபடி நியமிக்கலாம், ஆனால் ஒருவர் ஒரே இடத்தில் ஆறு ஆண்டுகளைத் தாண்டக் கூடாது.

இந்த நிபந்தனைகளால் என்ன விளைந்தது என்பதற்கு இரண்டு உதாரணங்கள். 1937, 1938 ஆண்டுகளில் அபர்டீனில் பேசிய கார்ல் பார்த் பெரிய கிறிஸ்தவ இறையியலாளர். இயற்கையைப் பார்த்துக் கடவுளை அறியலாம் என்ற கருத்தையே தான் ஏற்கவில்லை என்று கிஃபோர்டு மேடையிலேயே வெளிப்படையாகச் சொன்னார். 1985-இல் கிளாஸ்கோவில் வானியலாளர் கார்ல் சேகன் பேசினார். கடவுள் உண்டு என்பதற்கு முன்வைக்கப்படும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, சான்று போதவில்லை என்றார். நம்பிக்கையாளர் அறிவியல் வழியை மறுக்கிறார். அறிவியலாளர் நம்பிக்கைக்குச் சான்று கேட்கிறார். இருவருக்கும் இடம் தந்தது ஒரே உயில். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: கடவுளைப் பற்றி அறிவு வழியில் ஆராய்வதற்காகத் தொடங்கியது. என்ன முடிவுக்கு வர வேண்டும் என்பது அந்த உயிலில் இல்லை.

கடவுள் உண்டு என்று நியூட்டனே ஒரு சொற்பொழிவாளருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தாராமே? உண்மையா?
— வாசகர், நாகர்கோவில்

உண்மைதான். ஆனால் அந்தக் கடிதங்களை முழுதாகப் பார்க்க வேண்டும். ஒரு வரியை மட்டும் பிய்த்து எடுத்தால் நியூட்டனுக்கு அநீதி செய்தவர்களாவோம்.

வாயுவின் அழுத்தத்தையும் கன அளவையும் இணைக்கும் விதிக்குப் பெயர் தந்த ராபர்ட் பாயில் 1691 இறுதியில் இறந்தார். ஆண்டுக்கு 50 பவுண்டு செலவில் எட்டு உரைகள் நடத்தும்படி உயில் எழுதியிருந்தார். கிறிஸ்தவ மதத்தின் உண்மையை நாத்திகர்கள், பிற மதத்தவர்கள் எதிரில் நிலைநாட்ட வேண்டும்; கிறிஸ்தவர்களுக்குள்ளே இருக்கும் சச்சரவுகளைத் தொடக் கூடாது. இதுதான் நிபந்தனை. கிஃபோர்டுக்கும் பாயிலுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். பாயில் மேடையில் முடிவு முன்பே எழுதப்பட்டிருந்தது.

1692-இல் முதல் பாயில் உரைகளை லண்டனில் நிகழ்த்தியவர் ரிச்சர்ட் பென்ட்லி. முப்பது வயது, மொழியியல் அறிஞர், இயற்பியலாளர் அல்ல. கடைசி உரைகளில் நியூட்டனின் ஈர்ப்பு விதியைப் பயன்படுத்தினார். அவற்றை அச்சுக்குக் கொடுக்கும் முன், தவறு இருந்தால் சொல்லும்படி நியூட்டனிடமே கேட்டார். அதற்கு நியூட்டன் 1692 டிசம்பரிலிருந்து 1693 பிப்ரவரி வரை நான்கு கடிதங்கள் எழுதினார். தன் நூல் கடவுள் நம்பிக்கைக்குப் பயன்பட்டால் அதைவிட மகிழ்ச்சி வேறில்லை என்று முதல் கடிதத்தில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வருவது இந்த ஒரு வரிதான்.

நியூட்டனின் வாதம் என்ன? ஈர்ப்பு ஒரு கோளைச் சூரியனை நோக்கி இழுக்கும், அவ்வளவே. கோள் சூரியனுக்குள் விழாமல் சுற்றிவர வேண்டுமானால், பக்கவாட்டில் சரியான வேகத்தில் ஒரு தள்ளல் வேண்டும். எல்லாக் கோள்களும் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே தளத்தில் சுற்றுகின்றன. அந்தப் பக்கவாட்டு வேகத்தை இத்தனை கோள்களுக்கும் அளந்து கொடுத்த கை இயற்கையின் கையாக இருக்க முடியாது என்றார். அதே நியூட்டன், ஈர்ப்பை உண்டாக்குவது பொருளா, பொருளல்லாத ஒன்றா என்பதை வாசகரின் யோசனைக்கு விட்டுவிட்டதாகவும் இன்னொரு கடிதத்தில் எழுதினார். எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்தவரின் வரி அது.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். சுழலும் வாயு மேகம் சுருங்கித் தட்டாகி, அந்தத் தட்டிலிருந்து சூரியனும் கோள்களும் உருவாகியிருக்கலாம் என்ற கருத்தை ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1755-இலும், பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் 1796-இலும் சொன்னார்கள். தட்டு சுழல்வதால், அதில் பிறக்கும் கோள்கள் ஒரே திசையில் ஒரே தளத்தில் சுற்றும். பக்கவாட்டு வேகம் அந்தச் சுழற்சியின் மிச்சம். இன்று அது வெறும் கருத்து அல்ல. சிலியிலுள்ள ஆல்மா தொலைநோக்கி 2014-இல், சுமார் 450 ஒளியாண்டு தொலைவிலுள்ள எச்.எல். டௌரி என்ற இளம் நட்சத்திரத்தைச் சுற்றி அப்படியொரு தட்டை, வளையங்களும் இடைவெளிகளுமாகப் படம் பிடித்தது.

நியூட்டனின் கணக்கு எங்கும் தவறவில்லை. 'இதற்கு இயற்கைக் காரணம் தெரியவில்லை' என்பதிலிருந்து 'இயற்கைக் காரணமே இருக்க முடியாது' என்று தாண்டிய இடம்தான் பிசகிற்று. சொற்பொழிவுகளில் இன்றும் இதே தாண்டலைப் பார்க்கிறோம். பொருள் மட்டும் மாறியிருக்கிறது.

'கடவுள் என்ற ஊகம் எனக்குத் தேவைப்படவில்லை' என்று லாப்லாஸ் நெப்போலியனிடம் சொன்னது நடந்ததா?
— வாசகர், காரைக்குடி

உரையாடல் நடந்தது. 1802 ஆகஸ்டில் உடனிருந்த வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இதையெல்லாம் படைத்தது யார் என்று நெப்போலியன் கேட்டார். இயற்கைக் காரணங்களின் தொடரே போதும் என்று லாப்லாஸ் விளக்க முயன்றார். ஆனால் நீங்கள் கேட்கும் அந்தப் புகழ்பெற்ற வாசகம் நாட்குறிப்பில் இல்லை, பின்னால் வந்தது.

லாப்லாஸிடம் இருந்தது துணிச்சல் மட்டுமல்ல, கணக்கும். வியாழனும் சனியும் ஒன்றையொன்று இழுப்பதால் காலப்போக்கில் கோள் அமைப்பே கலைந்துவிடுமோ என்ற கவலை நியூட்டன் காலத்திலிருந்தே இருந்தது. கடவுள் அவ்வப்போது அதைச் சீர்செய்ய வேண்டிவரும் என்ற பொருளில் நியூட்டன் எழுதினார். வியாழன் ஒரு சுற்றுக்கு 11.86 ஆண்டு எடுக்கும். ஐந்து சுற்றுக்கு 59.3. சனி 29.46 ஆண்டு, இரண்டு சுற்றுக்கு 58.92. இந்த இரண்டு எண்களும் கிட்டத்தட்டப் பொருந்துவதால் இழுப்பு ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போவதுபோலத் தெரியும். ஆனால் சுமார் 900 ஆண்டுகளில் திரும்பிவிடும் என்று லாப்லாஸ் 1785-இல் காட்டினார்.

நியூட்டனின் கவலை முழுக்க வீண் என்றும் சொல்லிவிட முடியாது. 2009-இல் ழாக் லாஸ்கரும் கஸ்தினோவும் கோள்களின் எதிர்காலத்தைக் கணினியில் 2,501 முறை ஓட்டிப் பார்த்தார்கள். சூரியனின் மிச்ச வாழ்நாளுக்குள் புதனின் பாதை பெரிதாகக் குலைவதற்கு ஏறத்தாழ ஒரு சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று வந்தது.

பிரபஞ்சத்தின் மாறிலிகள் துளி மாறியிருந்தாலும் உயிர் தோன்றியிருக்காது, தற்செயலாக அமைய 10-க்கு மேல் 120 அடுக்கில் ஒன்றுதான் வாய்ப்பு, ஆகவே கடவுள் உண்டு என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். மறுக்கவே முடியாததுபோல இருந்தது. உங்கள் கருத்து?
— வாசகர், திருப்பூர்

'ஃபைன் ட்யூனிங்' (துல்லியமான இசைவு) வாதம் என்று இதைச் சொல்கிறார்கள். மாறிலிகள் என்பவை ஈர்ப்பு விசையின் வலு போன்ற, எங்கும் மாறாத எண்கள். இன்றைய மேடைகளில் கடவுளுக்கு ஆதரவாக வைக்கப்படும் அறிவியல் வாதங்களில் வலுவானது இதுதான். அதனாலேயே மிகக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அளந்தது எது, கணக்கிட்டது எது, ஊகித்தது எது என்று மூன்று அடுக்காக வையுங்கள்.

உதாரணமாகக் கார்பனை எடுப்போம். மேடையில் அதிகம் சொல்லப்படுவதும் அதுதான். நட்சத்திரத்தின் மையத்தில் இரண்டு ஹீலியம் அணுக்கருக்கள் சேர்ந்தால் பெரிலியம்-8 வரும். அது ஒரு நொடியைக் கோடி கோடியாகக் கூறுபோட்ட அளவு நேரத்தில் உடைந்துவிடும். உடைவதற்குள் மூன்றாவது ஹீலியம் வந்து ஒட்டினால்தான் கார்பன். சாதாரணமாக இது மிக அரிதாகத்தான் நடக்கும். பிரிட்டிஷ் வானியலாளர் பிரெட் ஹாயில் 1953-இல் சொன்னார்: கார்பன் அணுக்கருவுக்குச் சரியான உயரத்தில் ஓர் ஆற்றல் நிலை இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு கார்பன் உருவாகியிருக்க முடியாது. கலிஃபோர்னியாவின் கால்டெக் ஆய்வகத்தில் தேடினார்கள்; கிடைத்தது. அந்த நிலை 76.5 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு). பெரிலியமும் ஹீலியமும் சேரும் வாசல் 73.7 லட்சம். நட்சத்திர வெப்பத்தில் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் அந்த நிலை ஒரு படிபோல இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. உருவான கார்பன் எல்லாம் இன்னொரு ஹீலியத்தைச் சேர்த்துக்கொண்டு ஆக்சிஜனாகிப் போயிருக்கலாம். போகவில்லை. ஆக்சிஜனின் ஒரு நிலை 71.2 லட்சத்தில் இருக்கிறது, வாசல் 71.6 லட்சம். படி வாசலுக்குச் சற்றுக் கீழே கிடப்பதால் வேகம் பிடிக்கவில்லை. இவையெல்லாம் ஆய்வகத்தில் அளந்த எண்கள். ஆத்திகர், நாத்திகர் யார் அளந்தாலும் இதே எண்கள்தான் வரும். முதல் அடுக்கு இது.

இரண்டாவது அடுக்கு: அந்த நிலை சற்று நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதை அளக்க முடியாது, கணக்கிடத்தான் முடியும். மாரியோ லிவியோவும் உடன் ஆய்வாளர்களும் 1989-இல் கணக்கிட்டார்கள். 60 ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் உயர்த்தினாலும் கார்பன் உற்பத்தி பெரிதாகக் குறையவில்லை. அதைவிடப் பல மடங்கு நகர்த்தினால்தான் கார்பன் அருகிப்போகிறது. 'துளி மாறினாலும்' என்று பேச்சாளர் சொன்னால் எத்தனை துளி என்று கேளுங்கள். சில மாறிலிகளுக்கு இடைவெளி உண்மையிலேயே குறுகல். சிலவற்றுக்கு நினைப்பதைவிடத் தாராளம்.

மூன்றாவது அடுக்கில்தான் வாய்ப்புக் கணக்கு வருகிறது. தவறும் பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது. 1-க்குப் பின் 120 பூஜ்ஜியம் என்ற எண் எங்கிருந்து வந்தது? வெற்றிடத்தின் ஆற்றல் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கோட்பாட்டை வைத்துத் தோராயமாகப் போட்ட மதிப்பை, வானியலாளர்கள் உண்மையில் கண்ட மதிப்பால் வகுத்தால் வரும் விகிதம் அது. கோட்பாட்டுக்கும் அளவீட்டுக்கும் உள்ள இடைவெளியை அது சொல்கிறது. அதைத் தலைகீழாக்கி, 'தற்செயலாக அமையும் வாய்ப்பு இவ்வளவு' என்று சொன்னவுடன் விகிதம் வாய்ப்பாக வேஷம் போட்டுக்கொள்கிறது.

கோயில் திருவிழாக் குலுக்கலை நினைத்துக்கொள்ளுங்கள். 'எனக்குப் பரிசு விழ ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு' என்று சொல்ல இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: பெட்டியில் ஆயிரம் சீட்டு இருக்கிறது, எல்லாச் சீட்டுக்கும் சம வாய்ப்பு இருக்கிறது. பிரபஞ்சத்தில் நம் கையில் இருப்பது ஒரே சீட்டு. பெட்டி எவ்வளவு பெரியது, மாறிலிகள் எந்த எல்லைக்குள் மாறக்கூடியவை, மாறவே கூடியவைதானா என்பதற்கு அளவீடு கிடையாது. அது கிடைக்காதவரை 'இத்தனையில் ஒன்று' என்ற எண்ணுக்கு அடித்தளம் இல்லை.

'அப்படியானால் எண்ணற்ற பிரபஞ்சங்கள் இருக்கின்றன, நம்முடையது ஒன்று' என்று மறுபக்கம் சொல்பவர்களுக்கும் இதே அளவுகோல்தான். மற்ற பிரபஞ்சங்களை எவரும் அளந்ததில்லை. அதுவும் மூன்றாவது அடுக்கு. நம் பக்கத்தவர் பேசும்போது மட்டும் அளவுகோலைத் தளர்த்திவிடக் கூடாது. இதை வற்புறுத்திச் சொல்கிறோம்.

ஹாயில் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் மதவாதி அல்ல. 1953-இல் அவர் போட்டது நட்சத்திரங்களில் தனிமங்கள் உருவாகும் கணக்கு. இயற்பியலில் ஏதோ ஒரு மேலான அறிவு கைவைத்திருப்பதுபோலத் தெரிகிறது என்று அவர் எழுதியது ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து. மேடைகளில் இந்த இரண்டையும் ஒரே நாளில் நடந்ததுபோலச் சொல்கிறார்கள்.

பெருவெடிப்பு என்பதே படைப்புதான் என்று போப்பாண்டவர் அறிவித்தாராமே?
— வாசகர், வேளாங்கண்ணி

1951 நவம்பர் 22 அன்று போப் பன்னிரண்டாம் பயஸ், வாடிகனின் அறிவியல் கழகத்தில் ஆற்றிய உரையில் அப்படிப்பட்ட தொனி இருந்தது. பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டு என்ற அறிவியல் முடிவு படைப்பைச் சுட்டுகிறது என்றார்.

அதனால் கவலைப்பட்டவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் லெமைத்ர். பெல்ஜியத்துக் கத்தோலிக்கப் பாதிரியார். பிரபஞ்சம் விரிவதை 1927-இல் கணக்கிட்டவர். 1931-இல் 'ஆதி அணு'விலிருந்து எல்லாம் தொடங்கியது என்ற கருத்தை வைத்தவர். பெருவெடிப்புக் கோட்பாட்டின் தந்தை என்றே சொல்லலாம். கோட்பாடு வெற்றிபெற்றால் மகிழ வேண்டியவரே இரண்டையும் கலக்க வேண்டாம் என்றார். வாடிகன் வானாய்வகத்தின் இயக்குநர் வழியாக அவர் கருத்து போப்பிடம் போனது. 1952 செப்டம்பரில் ரோமில் கூடிய வானியலாளர் மாநாட்டில் போப் மறுபடி பேசினார். அந்த வாதத்தைத் திரும்பச் சொல்லவில்லை.

லெமைத்ரின் காரணம் எளிது. பிரபஞ்சத்தின் வயதாக இன்று நாம் சொல்லும் 1,380 கோடி ஆண்டு என்பது, விரிவைப் பின்னோக்கி ஓட்டினால் மிகச் சூடான, மிக அடர்த்தியான நிலை வரும் காலம். அதற்கு முன் என்ன என்பதற்கு இப்போதைய இயற்பியலின் சமன்பாடுகள் செல்லுபடியாவதில்லை. 'ஒன்றுமில்லாததிலிருந்து' என்ற சொல் அந்தச் சமன்பாடுகளில் எங்கும் கிடையாது. நாளைக்குக் கோட்பாடு மாறினால், அதன் மீது கட்டிய நம்பிக்கையும் ஆட்டம் காணும்.

சந்திரசேகரை அவமானப்படுத்திய எடிங்டன் கடவுளைப் பற்றிப் பேசியதை ஏன் மதிக்க வேண்டும்?
— வாசகர், சென்னை

கோபம் புரிகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு இங்கிலாந்து போன சுப்பிரமணியன் சந்திரசேகர், வெள்ளைக் குள்ள நட்சத்திரத்தின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரம்) நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்டினால் அது சுருங்கிக்கொண்டே போகும் என்று கண்டார். இன்றைய மதிப்பு சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு. 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகத்தில் அதைச் சொன்னபோது, ஒரு நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் வானியற்பியலாளர் ஆர்தர் எடிங்டன் அடுத்துப் பேசி மறுத்தார். எடிங்டன் சொன்னது தவறு. சந்திரசேகருக்கு 1983-இல் நோபல் பரிசு வந்தது. ஆனால் எடிங்டனின் நூற்றாண்டையொட்டி 1982-இல் கேம்பிரிட்ஜில் அவரைப் பற்றி உரையாற்றியவர் சந்திரசேகரேதான். எடிங்டனை அவர் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலாளர் என்றே மதிப்பிட்டார்.

எடிங்டன் 1927-இல் எடின்பரோவில் கிஃபோர்டு உரைகளை நிகழ்த்தினார். தொடக்கத்தில் தன் மேசையை உதாரணமாக எடுத்து, உண்மையில் இரண்டு மேசைகள் இருக்கின்றன என்றார். ஒன்று, கை வைத்தால் தட்டுப்படும் பழகிய மேசை. இன்னொன்று இயற்பியலின் மேசை: பெரும்பகுதி வெற்றிடம், நடுவே விரையும் மின்னூட்டங்கள். அளவுக் கருவியின் முள் காட்டும் எண்களைத்தான் இயற்பியல் தருகிறது, பொருளின் உள்ளியல்பைத் தருவதில்லை என்பது அவர் வாதம். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் மரபில் ஊறிய பக்தர். அப்படியிருந்தும், குவாண்டம் கோட்பாட்டில் தோன்றும் கடவுளைத் தான் கொண்டுவந்து தரவில்லை, அடுத்த அறிவியல் புரட்சியில் அடித்துக்கொண்டு போகும் கடவுளாக அது ஆகிவிடும் என்று அந்த உரைகளின் நூலில் எழுதினார். மதிக்க வேண்டியது அந்தக் கட்டுப்பாட்டைத்தான்.

ஹக்ஸ்லியும் பிஷப் வில்பர்ஃபோர்ஸும் மோதிய விவாதத்தில் ஜெயித்தது யார்?
— வாசகர், மயிலாடுதுறை

1860 ஜூன் 30, ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகம். பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் கூட்டம். டார்வினின் பரிணாமக் கோட்பாட்டை பிஷப் வில்பர்ஃபோர்ஸ் எதிர்க்க, உயிரியலாளர் ஹக்ஸ்லி ஆதரித்துப் பேசினார். சொல்லுக்குச் சொல் பதிவு எதுவும் இல்லை. 'குரங்கு உங்கள் தாத்தா வழியா, பாட்டி வழியா' என்ற கேள்வியும் ஹக்ஸ்லியின் பதிலடியும் பல வடிவங்களில் உலவுகின்றன. நாம் படிக்கும் நாடகத்தன்மை மிகுந்த வடிவம் பல பத்தாண்டுகள் கழித்து எழுதிய நினைவுக் குறிப்பிலிருந்து வந்தது. அங்கேயே இருந்த தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் சில நாட்களில் டார்வினுக்கு எழுதிய கடிதத்தில், அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு ஹக்ஸ்லியின் குரல் எட்டவே இல்லை, தான் எழுந்து பேசிய பிறகுதான் அவை திரும்பியது என்கிறார். தன் பக்கம் வென்றதாக ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு வீடு போனார்கள்.

எங்கள் கல்லூரியில் 'அறிவியலும் கடவுளும்' என்று ஒரு பொதுச் சொற்பொழிவு நடத்த விரும்புகிறோம். பட்டிமன்றமாக ஆகிவிடாமல், சண்டையிலும் முடியாமல் நடத்த வழி சொல்லுங்கள்.
— கல்லூரி ஆசிரியர், பாளையங்கோட்டை

முதலில் அழைப்புக் கடிதம். கிஃபோர்டின் உயிலில் இருக்கும் மூன்று நிபந்தனைகளை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: பேச்சாளர் எந்த முடிவுக்கும் வரலாம், புனித நூலைச் சான்றாக வைக்கக் கூடாது, நுழைவு எல்லாருக்கும் உண்டு. யார் செலவு செய்கிறார்கள் என்பதையும் அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். பின்னால் தெரியவந்தால் உரை முழுவதும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

தலைப்பைக் குறுக்குங்கள். 'கடவுள் உண்டா?' என்று வைத்தால் ஐம்பது நிமிடத்தில் எதையும் சொல்ல முடியாது. 'கார்பனின் ஆற்றல் நிலையும் ஃபைன் ட்யூனிங் வாதமும்' என்று வையுங்கள். கூட்டம் சற்றுக் குறையலாம். வருபவர் எதையாவது கற்றுக்கொண்டு போவார். அதே நேரம், புரியாத அளவுக்கு இறுக்கவும் கூடாது. எடிங்டனுக்கு அடுத்து எடின்பரோவில் கிஃபோர்டு உரையாற்றிய ஒயிட்ஹெட் பெரிய தத்துவவாதி. எடிங்டனைக் கேட்க வந்த அறுநூறு பேர் அவருடைய முதல் உரைக்கும் வந்தார்கள். ஒன்றும் விளங்காமல், கடைசியில் அரை டஜன் பேர்தான் மிஞ்சினார்கள் என்று ஒரு நினைவுக் குறிப்பு சொல்கிறது.

இரண்டு வாரம் முன்பே பேச்சாளரிடம் ஒரு பக்கம் கேட்டு வாங்குங்கள். அவருடைய முக்கியக் கூற்றுகள் ஐந்து. ஒவ்வொன்றின் எதிரிலும் அளந்தது, கணக்கிட்டது, ஊகித்தது என்று மூன்றில் ஒன்றை அவரே குறிக்க வேண்டும். இதை நகலெடுத்து வாசலில் கொடுங்கள். நல்ல பேச்சாளர்கள் இதை வரவேற்பார்கள். தயங்குபவரிடம், 'ஐயா, எங்கே உறுதி, எங்கே ஊகம் என்று கேட்பவர்களுக்குத் தெரிந்தால் உங்கள் வாதத்தைச் சரியாக எடைபோடுவார்கள்' என்று விளக்குங்கள்.

ஒருவர் மட்டும் பேசி முடிப்பதைவிட, எதிர்வினைக்கு ஒருவர் வேண்டும். 2004-இல் லண்டனில் புதுப்பிக்கப்பட்ட பாயில் சொற்பொழிவில் அந்த வழக்கம் உண்டு: உரை முடிந்ததும் இன்னொருவர் சுருக்கமாகப் பதிலுரைப்பார். பேச்சாளர் இயற்பியல்காரர் என்றால் பதிலுரைக்குத் தத்துவம் படித்தவரை அழையுங்கள். அவர் தத்துவம் என்றால் இயற்பியல் ஆசிரியரை. இருவரும் ஒரே துறையாக இருந்தால் மற்றத் துறையின் ஓட்டைகளை இருவருமே கவனிக்க மாட்டார்கள். தலைவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பட்டிமன்றத்தில் நடுவரின் தீர்ப்புக்காகக் காத்திருக்கிறோம். இங்கே அப்படி ஒரு தீர்ப்பு வந்தால், அதுவரை பேசியதெல்லாம் வழக்காகிவிடும்.

நேரம்: வரவேற்பு, பொன்னாடை, அறிமுகம் எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். வாழ்த்துரை வேண்டாம், நான்கு வாழ்த்துரை வைத்தால் கேள்வி நேரம்தான் பலியாகும். உரை 50 நிமிடம். நிமிடத்துக்கு 100 சொல் என்று வைத்தால் 5,000 சொல், அதற்கு மேல் எழுதிக்கொண்டு வர வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பதிலுரை 10 நிமிடம். கேள்விகளுக்கு 40 நிமிடம் முழுதாக இருக்க வேண்டும்.

சண்டை வருவது கேள்வி நேரத்தில்தான். மைக்கைக் கூட்டத்துக்குள் விட்டால் முதலில் எழுந்திருப்பவர் கேள்வி கேட்க மாட்டார், உரையாற்றுவார். துண்டுச்சீட்டு கொடுங்கள், ஒரு சீட்டில் ஒரு கேள்வி, மூன்று வரிக்குள். இரண்டு மாணவர்கள் சேகரித்து, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துத் தலைவரிடம் தரட்டும். யாருடைய மதத்தையோ சாதியையோ குறிவைக்கும் சீட்டைத் தலைவர் வாசிக்க வேண்டியதில்லை. ஆனால் பேச்சாளரின் கூற்றைக் கடுமையாக மறுக்கும் சீட்டைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். ஆத்திகர் பக்கம் ஒன்று, நாத்திகர் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்தால் முறையீடு வராது. வாசிக்காத சீட்டுகளைப் பேச்சாளரிடம் கொடுத்துவிடுங்கள், பிறகு எழுதி அனுப்பட்டும்.

ஒலி அமைப்பை முந்தின நாள் மாலையே சோதியுங்கள், கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்து. ஹக்ஸ்லிக்கு நேர்ந்தது நினைவிருக்கட்டும். பதிவு செய்யும்போது மேடை மைக்கை மட்டும் பதிவுக் கருவியில் இணைத்துவிட்டால், தலைவர் கேள்வி வாசிக்கும் மைக் பதிவாகாது. பதில்கள் மட்டும் அந்தரத்தில் தொங்கும். இரண்டையும் இணையுங்கள். சேகனின் கிளாஸ்கோ உரைகள் 2006-இல் நூலானபோது கேள்வி–பதிலில் ஒரு பகுதியும் அதில் அச்சானது. அவர் வாதம் எங்கே அழுத்தப்பட்டது, எப்படித் தாங்கியது என்பதை அந்தப் பக்கங்களில்தான் பார்க்க முடிகிறது.

பதிவை இணையத்தில் ஏற்றும்போது வாசலில் கொடுத்த ஐந்து கூற்றுத் தாளையும் உடன் வையுங்கள். கேள்வி நேரத்துக்குப் பிறகு பேச்சாளர் ஏதேனும் ஒன்றை 'அளந்தது' என்பதிலிருந்து 'ஊகித்தது' என்று மாற்ற விரும்பினால், பழைய தாளை எடுக்காமல், தேதி போட்டுத் திருத்திய தாளையும் பக்கத்திலேயே சேருங்கள்.